பழைய பெயருக்கு ஒரு வேலை

ஒரு நாள் என் ஆபீஸ் கம்ப்யூட்டர் காலையிலிருந்து திணறிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த பையன் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்தான். ஒரு வரியில் விரலை வைத்து, "மேடம், சாஃபீஸ்னு ஒண்ணு ஓடுது. நீங்க போட்டதா? வைரஸா?" என்று கேட்டான்.

வைரஸ் இல்லை. நான் அஃபிடவிட் அடித்துக்கொண்டிருந்த லிப்ரே ஆபீஸ்தான் அது. திரையில் லிப்ரே ஆபீஸ் என்று பெயர் போட்டுக்கொண்டாலும், கம்ப்யூட்டருக்குள் அது இன்றைக்கும் 'சாஃபீஸ்' என்ற பெயரில்தான் ஓடுகிறது. அந்த முதல் எழுத்து ஸ்டார் ஆபீஸின் எழுத்து. இரண்டு தடவை பெயர் மாறிய பிறகும் முதல் பெயரின் தலையெழுத்து உள்ளே தங்கிவிட்டது. பையனுக்கு இதைச் சொன்னேன். "அப்ப எடுத்துடலாமா?" என்றான்.

எடுத்துவிடலாமா என்ற இந்தக் கேள்விக்கு ஒரு முறை தப்பான பதில் சொன்னவள் நான். இருபது வருடமாக டிரேட்மார்க் வேலை பார்க்கிறேன். கிண்டி ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கும் ரெஜிஸ்ட்ரிக்கு நடந்த நடையில் பாதி ஊறுகாய், அகர்பத்தி, வேட்டி, மாத்திரை. மென்பொருள் கட்சிக்காரர்கள் பிறகு வந்தார்கள். அதிலும் மூலநிரலைத் திறந்து வைத்து இலவசமாகக் கொடுக்கிறவர்கள் வந்தபோது, இவர்களுக்கு டிரேட்மார்க் எதற்கு என்று நானே நினைத்திருக்கிறேன்.

முதலில் அந்த ஸ்டார் ஆபீஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் லூனபுர்க்கில் மார்கோ பொரிஸ் என்பவர் பள்ளி வயதில் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் சரக்கு அது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தையே வாங்கியது. 2000 அக்டோபர் 13 அன்று மூலநிரலைத் திறந்துவிட்டு, திட்டத்துக்கு ஓப்பன் ஆபீஸ் டாட் ஆர்க் என்று பெயர் வைத்தது. அந்த 'டாட் ஆர்க்' அழகுக்காக ஒட்டியது இல்லை. 'ஓப்பன் ஆபீஸ்' என்ற பெயரை வேறு ஆட்கள் முன்பே வைத்திருந்ததால் ஒட்டிய வால். பிரேசிலில் வாலோடும் நுழைய முடியாமல் 'பிஆர் ஆபீஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். 2010 தொடக்கத்தில் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அதே வருடம் செப்டம்பர் 28 அன்று, எழுதிக்கொண்டிருந்தவர்களில் முக்கியமான பலர் வெளியே வந்து டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். பெயரை எங்களுக்குக் கொடுங்கள் என்று ஆரக்கிளைக் கேட்டார்கள். பதில் வரும் வரைக்கும் இருக்கட்டும் என்று வைத்த பெயர்தான் லிப்ரே ஆபீஸ். பெயர் கிடைக்கவில்லை. 2011 ஜூனில் ஆரக்கிள் அந்தப் பெயரையும் நிரலையும் அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்தது.

நிரல் இரண்டு பக்கமும் போனது, பெயர் ஒரு பக்கம்தான் போனது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. திறந்த மூல உரிமங்கள் நிரலைக் கொடுக்கும், பெயரைக் கொடுக்காது. அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் ஆறாவது பிரிவு இதை வாய்விட்டே சொல்கிறது. எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் இது அதிர்ச்சியாக இருக்கிறது.

இனி என் கதை.

2008இல் கோயம்புத்தூரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் முப்பதுக்குக் கீழே. சின்னக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் ஹார்டுவேர் கடை, பெயிண்ட் கடை, பாத்திரக் கடை என்று நன்றாகப் பரவியிருந்தது. பெயர் ஒரு நல்ல தமிழ்ச் சொல், நடுவில் ஒரு ழகரம். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எழுதவில்லை. கிளாஸ் 9 மென்பொருளுக்கு, கிளாஸ் 42 மென்பொருள் சேவைக்கு. இரண்டிலும் மனு போட்டேன். யார் பெயரில் போடுவது என்று கேட்டதும் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனி கிடையாது, சங்கம் கிடையாது. "இவன் பேர்ல போட்டுடுங்க மேடம், இவன்தான் முதல் வரி எழுதினான்" என்றார்கள். போட்டேன். அதுவே முதல் பிழை. அன்றைக்கு எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

2016இல் பெயரை மாற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் சேர்ந்து எழுதத் தொடங்கியிருந்தார்கள், அவர்கள் யாருக்கும் அந்த ழகரம் வாயில் நுழையவில்லை. ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லி, ஒரு விதமாக எழுதி, தேடினால் கிடைக்காமல் போனது. எல்லா மொழிக்காரருக்கும் வரும்படி இரண்டு அசையில் புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். புதுப் பெயருக்கும் நானே மனு போட்டேன்.

2018இல் பழைய மார்க்கின் பத்து வருடம் முடிந்தது. ரினீவல் ஒரு கிளாஸுக்கு 9,000 ரூபாய், இரண்டுக்கும் 18,000. போன் வந்தது.

"மேடம், அந்தப் பேரை நாங்க இப்ப எங்கயும் போடறதே இல்லையே. கட்டணுமா?"

"உபயோகத்தில இல்லாத பேருக்கு எதுக்குப் பணம்? விட்டுடுங்க" என்றேன்.

சட்டப்படி நான் சொன்னதில் தப்பில்லை. பயன்படுத்தாத மார்க்கை ரெஜிஸ்டரில் வைத்திருப்பது பூட்டிய வீட்டுக்கு வரி கட்டுவது மாதிரி. கட்டலாம், ஆனால் யாராவது கேஸ் போட்டால் நிற்காது. நம் 1999ஆம் வருடச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, ஐந்து வருடம் தொடர்ந்து நேர்மையாகப் பயன்படுத்தப்படாத மார்க்கை நீக்கச் சொல்லி மனுப் போட வழி விட்டிருக்கிறது. அமெரிக்காவில் இன்னும் கெடுபிடி, மூன்று வருடம் பயன்படுத்தாமல் இருந்தாலே கைவிட்டதாக அனுமானம் எழும். இல்லை, கைவிடவில்லை என்று நாம்தான் காட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் கேட்க மறந்தது வேறு ஒன்று. நீங்கள் பயன்படுத்தவில்லை, சரி. கடைக்காரர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

ரெஜிஸ்ட்ரியிலிருந்து முடிவுத் தேதி நோட்டீஸ் வந்தது, கோப்பில் வைத்தேன். தேதி தாண்டியும் ஆறு மாதம் அபராதத்தோடு கட்டலாம், அதுவும் தாண்டியது. மார்க் நீக்கப்பட்டது. 26ஆவது பிரிவில் ஒரு சின்ன நிழல் உண்டு. ரினீவல் கட்டாமல் போன மார்க்கை, வேறொருவர் அதே மாதிரி மார்க்குக்கு மனுப் போடும்போது, இன்னும் ஒரு வருடத்துக்கு ரெஜிஸ்டரில் இருப்பதாகவே பாவிக்க வேண்டும். ஆனால் நீக்குவதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் நேர்மையான உபயோகம் இல்லை என்று தெரிந்தால் அந்த நிழலும் கிடையாது. எப்படியோ அந்த ஒரு வருடமும் போயிற்று.

2021இல் ஈரோட்டிலிருந்து ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், நாலு பேரில் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார். பழைய பழக்கம், நம்பரை வைத்திருந்தார். "தம்பி, உங்க சாஃப்ட்வேர்ல ஜிஎஸ்டி வெர்ஷன் வந்திருக்குன்னு போட்டிருந்துச்சு, எறக்கிட்டேன். இப்ப பில்லு வரல. ரம்மி ஆடக் கூப்பிடுது. லைசென்ஸுக்கு மூவாயிரம் கட்டுன்னும் சொல்லுது. இலவசம்னுதான சொன்னீங்க?"

என்ன நடந்தது என்றால், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது எங்கள் ஆட்கள் புதுப் பெயரில்தான் ஜிஎஸ்டி பதிப்பை வெளியிட்டார்கள். விவரம் தெரிந்த கடைகள் மாறிக்கொண்டன. ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குக் கீழே இருந்த கடைகளும், பில்லில் வரி காட்டத் தேவையில்லாத காம்போசிஷன் கடைகளும் பழசையே ஓட்டிக்கொண்டிருந்தன. வியாபாரம் வளர்ந்து வரம்பைத் தாண்டியபோது அவர்கள் என்ன செய்வார்கள்? தெரிந்த பெயரோடு 'ஜிஎஸ்டி' என்று சேர்த்துத் தேடுவார்கள். எங்கள் ஆட்களின் பக்கத்தில் பழைய பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. மறுபிறவி எடுத்த மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள். தேடியவர்களுக்குக் கிடைத்தது வேறு ஒருவர் கட்டிய தளம். அதே பெயர், அதே பழைய லோகோ, உள்ளே அதே நிரலின் பழைய பதிப்பு, அதன் மேல் விளம்பரக் குப்பை. நிரலை எடுத்தது குற்றம் இல்லை, உரிமம் அதற்கு அனுமதிக்கிறது. கேட்க முடிந்தது பெயரைப் பற்றி மட்டும். பெயரை நான் விடச் சொல்லியிருந்தேன்.

டிரேட்மார்க் ஜர்னல் திங்கள்கிழமைதோறும் வரும். ஈரோட்டுப் போனுக்குச் சில வாரம் கழித்து, ஜர்னலில் கிளாஸ் 9 பக்கங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அந்தப் பெயரைக் கண்டு நின்றேன். ழகரத்துக்கு அதே ஆங்கில எழுத்து, அதே லோகோ. அந்தத் தளத்துக்காரர் மனுவே போட்டு, அது பரிசீலனையும் தாண்டி வெளியாகியிருந்தது. தடையாகக் காட்ட ரெஜிஸ்டரில் எங்கள் மார்க் இல்லை. யாராவது எதிர்க்க வேண்டுமென்றால் நாலு மாதம் அவகாசம்.

எதிர்ப்பு மனு டிஎம்-ஓ படிவம், ஆன்லைனில் 2,700 ரூபாய். கட்டணம் பெரிதில்லை. இந்த மாதிரி வேலைக்கு வெளியூரில் ஆகும் செலவைக் கேட்டால் மயக்கம் வரும். 2014இல் குரூப்பான் நிறுவனம் கடைகளில் பில் போடும் டேப்லெட் ஒன்றுக்கு 'நோம்' என்று பெயர் வைத்து அமெரிக்காவில் வரிசையாக மனுக்கள் போட்டது. பல வருடமாக அந்தப் பெயரில் லினக்ஸ் திரையமைப்பை எழுதிவரும் நோம் ஃபவுண்டேஷன், முதல் பத்து மனுக்களை எதிர்க்க 80,000 டாலர் திரட்ட வேண்டியிருக்கிறது என்று பொதுவில் கேட்டது. கூட்டம் திரண்ட வேகத்தில் குரூப்பான் பெயரை விட்டுவிட்டது. எங்களுக்குக் கூட்டம் கிடையாது. 2,700 ரூபாய் இருந்தது. கையில் பதிவு மட்டும் இல்லை.

பதிவு இல்லாவிட்டாலும் முன்பயன்பாடு பேசலாம். பதிவு பெறாத பெயருக்கும் நம் சட்டத்தின் 27ஆவது பிரிவு 'பாசிங் ஆஃப்' உரிமையை, அதாவது நம் பெயரைச் சொல்லி அடுத்தவர் சரக்கை ஓட்டுவதைத் தடுக்கும் உரிமையை, விட்டு வைத்திருக்கிறது. கடை மூடிய பிறகும் பெயருக்கு ஊரில் மதிப்பு மிச்சமிருந்தால் அதைக் காப்பாற்றலாம் என்று இங்கிலாந்துக் கோர்ட் 1970களின் தொடக்கத்தில் ஒரு லண்டன் இரவு விடுதி வழக்கில் சொல்லியிருக்கிறது, இன்றும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். இலவசமாகக் கொடுத்ததெல்லாம் வியாபாரமா என்று எதிராளி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. 1990களில் ஒருவர் யூனிக்ஸுக்காக 'கூல்மெயில்' என்ற சின்ன நிரலை எழுதி ஜிபிஎல் உரிமத்தில் சும்மா கொடுத்தார். பிற்பாடு பெயருக்குச் சண்டை வந்தபோது, சும்மா கொடுத்திருந்தாலும் பெயரோடு பரவியிருக்கிறது, பயன்படுத்தியவர்கள் அந்தப் பெயரால் அறிந்திருக்கிறார்கள், அது போதும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2001இல் தீர்த்தது. நமக்குக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை, ஆனாலும் சொல்லிப் பார்க்கலாம்.

தீர்ப்பு எத்தனை இருந்தாலும் காகிதம் வேண்டும். 2016க்குப் பிறகும் இந்தப் பெயர் உயிரோடு இருந்தது என்று காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டேன். நாலு பேரும் கை விரித்தார்கள். பெயர் மாற்றும்போது நன்றாகச் செய்ய வேண்டுமென்று எல்லா இடத்திலும் தேடித் தேடி அழித்திருக்கிறார்கள். தளம், கையேடு, லோகோ, மின்னஞ்சல் கையொப்பம். நான் பார்த்த பெயர் மாற்றங்களிலேயே சுத்தமானது அது.

வழி காட்டியது ஈரோட்டுக்காரர்தான். அவர் கடையிலிருந்து ஒரு பழைய பில்லை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார், எப்படி இருந்தது இப்போது எப்படி ஆகிவிட்டது என்று காட்ட. தின்னர், பிரஷ், உப்புத்தாள் இரண்டு. கூட்டுத் தொகை. அதற்குக் கீழே 'நன்றி, மீண்டும் வருக'. அதற்கும் கீழே எறும்பு ஊர்வது மாதிரி ஒரு வரி: இந்தப் பில் இன்ன மென்பொருளில் தயாரிக்கப்பட்டது. பழைய பெயர், ழகரத்தோடு. பில்லின் தேதி 2020.

பழைய பதிப்பை ஓட்டும் கடைகளில் பழைய பெயர் இருப்பது சரி. ஆனால் புதுப் பதிப்புக் கடை ஒன்றிலிருந்து வந்த பில்லிலும் அதே வரி இருந்தது. வார்ப்புருவில் அந்த ஒரு வரியை மாற்ற மறந்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் புதுப் பெயர் மென்பொருள் பழைய பெயரை அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எழுதிய பையன் வெட்கப்பட்டு, "பக் மேடம், இப்பவே சரி பண்ணிடறேன்" என்றான். கையை வைக்காதே என்று கத்தினேன்.

அடுத்த ஆறு வாரம் பில் சேர்த்தோம். நானே இரண்டு முறை ஈரோடு போனேன். கடைக்காரர்கள் பில் கட்டைச் சணலில் குத்தித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வேலையில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். இந்தச் சின்ன பில் மெஷினில் வரும் தாள் தெர்மல் தாள், மை கிடையாது, சூட்டில் எழுத்து விழுவது. வெயில் படும் இடத்தில் ஒரு வருடம் தொங்கினால் வெள்ளைத் தாளாகிவிடும். எழுத்து போவதும் பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான், கடைசி வரியிலிருந்து. எங்களுக்கு வேண்டியதோ கடைசி வரி. கைநிறையக் கொடுப்பார்கள், பத்துக்கு நாலு தேறாது. தேறியதை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, கடைக்காரரிடம் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கினேன். ஒரு பாத்திரக் கடை அம்மா, "இந்தப் பேர்லதான கண்ணு பில்லு போடறோம், இதுக்குமா கையெழுத்து" என்றார். அவருக்குப் புதுப் பெயர் தெரியவே தெரியாது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தது புதுப் பதிப்பு.

இடையில் இன்னொரு முடிச்சு. மார்க் யார் பெயரில் இருந்ததோ அவர் 2012இலேயே கனடா போய்விட்டார். திட்டத்தோடு தொடர்பு விட்டுப்போயிருந்தது. கோபம் எதுவும் இல்லை, நல்ல மனுஷன், போனில் பேசியதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லோருக்கும் இந்த யோகம் வாய்க்காது. எத்தீரியல் என்று ஒரு நெட்வொர்க் ஆய்வு நிரல். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பவர் எழுதி 1998இல் வெளியிட்டது, உலகம் முழுக்கப் பயன்பட்டது. 2006இல் அவர் வேலை மாறினார். நிரலின் பெரும்பகுதிக்குப் பதிப்புரிமை அவருடையது, மீதி ஜிபிஎல், எல்லாவற்றையும் எடுத்துப் போக முடிந்தது. எத்தீரியல் என்ற பெயர் மட்டும் பழைய வேலையிடத்தின் சொத்து. வயர்ஷார்க் என்று புதுப் பெயர் வைத்தார். இன்று எத்தீரியல் என்றால் என் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். நிரலோடு ஆட்களும் சேர்ந்து புதுப் பெயருக்குப் போனதால் பிழைத்தார்கள். ஜென்கின்ஸ் என்ற நிரலும் அப்படித்தான், 2011இல் ஹட்சன் என்ற பெயருக்கு ஆரக்கிள் உரிமை கொண்டாடியபோது எழுதியவர்கள் ஓட்டுப் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே நிரலில் 'ஹட்சன்' என்ற சொல் இன்றும் வரிக்கு வரி கிடக்கிறது.

அது மார்க்கின் பயன்பாடு ஆகுமா என்று இளம் வக்கீல்கள் கேட்பார்கள். ஆகாது. சாஃபீஸ் ஆகட்டும், ஹட்சன் ஆகட்டும், நிரலுக்குள் கிடப்பது எழுதுகிறவனின் வசதி. வாங்குகிறவர் கண்ணில் பட்டு, இது இன்னாரிடமிருந்து வருகிறது என்று அவருக்குச் சொன்னால்தான் பெயர் வேலை செய்கிறது என்று அர்த்தம். பில்லின் கடைசி வரி அதைச் செய்தது.

எங்கள் எதிர்ப்பு மனு பதிவாகி, நகல் எதிராளிக்குப் போனது. அது கிடைத்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அவர் பதில் மனு போட வேண்டும். போடாவிட்டால் தன் மனுவைக் கைவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். நான் கோர்ட் நாடகத்துக்குத் தயாராக இருந்தேன். கூல்மெயில் தீர்ப்பில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் ஓடியது. பதில் மனு வரவில்லை. அவ்வளவுதான். சேர்த்த பில் ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை. அந்தத் தளமும் அதற்கு முன்பே போய்விட்டது. அதற்கும் டிரேட்மார்க்குக்கும் சம்பந்தம் இல்லை. குப்பை நிரல் பரப்புகிறது என்று யாரோ கொடுத்த புகாரில் இடம் கொடுத்தவர்களே தூக்கிவிட்டார்கள்.

பில்களுக்கு வேலை வந்தது வேறு இடத்தில். பழைய பெயருக்கு மறுபடி மனுப் போட்டோம், இந்த முறை அவர்கள் பதிவு செய்த டிரஸ்ட்டின் பெயரில். டிரஸ்ட்டுக்குச் சலுகைக் கட்டணம் கிடையாது, கிளாஸுக்கு 9,000 வீதம் 18,000. 2018இல் மிச்சம் பிடித்த அதே 18,000. பரிசீலனை அறிக்கை வந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் பெயருக்குத் தடையாக ரெஜிஸ்ட்ரி காட்டியது அந்தத் தளத்துக்காரரின் மனுவை. அது கைவிடப்பட்டதாக உத்தரவு வரும் வரை காத்திருந்தோம். முன்பிருந்தே பயன்படுத்துகிறோம் என்று மனுவில் சொன்னால் அஃபிடவிட்டும் ஆதாரமும் சேர்க்க வேண்டும். அந்த அஃபிடவிட்டில் இணைப்பாகப் போனவைதான் ஈரோட்டுப் பில்கள், நாற்பத்தொரு ஜெராக்ஸ். ஹியரிங்கில் அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "தின்னர் விலை அப்ப இவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டார். 2023இல் சான்றிதழ் வந்தது. என் ஃபீஸ் வாங்கவில்லை, வாங்க எனக்கு முகம் இல்லை.

இப்போது அந்தப் பழைய பெயருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். புதுப் பெயரின் தளத்தில் பழைய பெயருக்கென்று ஒரு பக்கம். பழைய பதிப்பு, பாதுகாப்புத் திருத்தங்களோடு, பழைய பெயரிலேயே இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ திருத்தம் நிஜமாகவே வருகிறது. நிஜமாகவே என்பதை அழுத்திச் சொல்கிறேன். மார்க்கைக் காப்பாற்றுவதற்கென்றே ஒப்புக்கு எதையாவது வெளியிடுவதைக் கோர்ட் மதிக்காது. 'முன்பு இன்ன பெயர்' என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவது நல்லதுதான், தேடுகிறவருக்கு வழி காட்டும். ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பி நான் அஃபிடவிட் போட மாட்டேன். பழைய பெயரில் தேடும் கடைக்காரர் அந்தப் பக்கத்துக்கு வந்து, புதியதற்கு மாறலாம் என்று தமிழில் படித்து, மாறியும் போகிறார்.

இந்த இடத்தில்தான் ஓப்பன் ஆபீஸ் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. பெயரை வைத்திருப்பவர்கள் வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை, திருத்தங்களும் வருகின்றன. ஆனால் 4.1 பதிப்பு வந்தது 2014இல், அதற்குப் பிறகு வந்தவை அதன் பின்ன எண்கள்தான். புதிய வேலை எல்லாம் லிப்ரே ஆபீஸ் பக்கம் நடக்கிறது. 2020 அக்டோபர் 12 அன்று, ஓப்பன் ஆபீஸின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய நாள், லிப்ரே ஆபீஸ்காரர்கள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உங்கள் பெயரைத் தேடி வருகிறவர்களிடம் எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பதுதான் சாரம். நியாயமான வேண்டுகோள் என்றே நினைக்கிறேன். பெயரைத் தேடி வருகிறவர் பெயருக்காக வருவதில்லை, ஒரு கடிதம் அடிக்க வருகிறார்.

பயன்படுத்தாமல் போனதற்குக் காரணம் சொல்லித் தப்பிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. சென்னை அடிசன்ஸ் பெயிண்டுக்கும் ஆஸ்திரேலிய ஹார்டி டிரேடிங்குக்கும் 'ஸ்பார்ட்டன்' பெயருக்காக நடந்த வழக்கில், இறக்குமதிக் கட்டுப்பாடு மாதிரி விசேஷ காரணத்தால் பயன்படுத்த முடியாமல் போனதைக் கைவிட்டதாகக் கொள்ள முடியாது என்று 2003இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பெயர் மாற்றிவிட்டோம் என்பது விசேஷ காரணம் இல்லை. அது நாமே செய்தது.

எல்லாப் பழைய பெயரையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபயர்ஃபாக்ஸுக்கு முதலில் ஃபீனிக்ஸ் என்று பெயர், அப்புறம் ஃபயர்பேர்ட். ஒன்று பயாஸ் எழுதும் கம்பெனியின் பெயர், இன்னொன்று ஒரு தரவுத்தள நிரலின் பெயர். அடுத்தவர் பெயரைத் தெரியாமல் வைத்துவிட்டு மாற்றியவர்களுக்கு அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை, விட்டதே மரியாதை. நம் பெயர், நம் விருப்பத்தில் மாற்றினோம், ஊரில் இன்னும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

என்னிடம் இப்போது பெயர் மாற்றப் போகிறோம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் ரெஜிஸ்டரைக் கேட்பதில்லை. பழைய பெயர் உங்கள் கையை விட்டு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று கேட்கிறேன். பில்லின் அடியில், கல்லூரிப் பாடத்திட்டத்தில், யாரோ எழுதிய புத்தகத்தில், அரசு டெண்டரில். அதை எழுதி வாங்கிக்கொள்கிறேன். பிறகு வருடா வருடம் ஜனவரியில் ஒரு கோப்பு. தேதியோடு பக்கத்தின் படம், எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற பதிவு, வந்த கடிதம் இருந்தால் அது. படம் எடுப்பதிலும் கவனம் வேண்டும், நம் பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும். 'ஜாவாஸ்கிரிப்ட்' மார்க்கை ரத்து செய்யச் சொல்லி 2024இல் டீனோ நிறுவனம் போட்ட மனுவில், ஆரக்கிள் 2019 ரினீவலுக்கு உபயோகச் சான்றாகக் கொடுத்த படம் நோட் டாட் ஜேஎஸ் தளத்தினுடையது, அது ஆரக்கிளுடையதே இல்லை என்று ஒரு குற்றச்சாட்டு. அதில் மோசடி என்ற பகுதியை அமெரிக்க டிரேட்மார்க் வாரியம் 2025இல் தள்ளிவிட்டது. ஆனாலும் அந்தப் படத்தை எடுத்தவர் நிலையில் நான் இருக்க விரும்ப மாட்டேன்.

எங்கள் பில் மென்பொருளின் அந்தக் கடைசி வரி இன்றைக்கும் மாறவில்லை. அதை 'பக்' பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய மார்க்கின் அடுத்த ரினீவல் 2031. என் டைரியில் இருக்கிறது, டிரஸ்ட்டில் மூன்று பேர் போனிலும் இருக்கிறது.

ரெஜிஸ்ட்ரியின் தளத்தில் பெயர் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. நீங்கள் என்றைக்கோ பெயர் மாற்றிய திட்டம் ஏதாவது இருந்தால், அந்தப் பழைய பெயர் இப்போது யார் பெயரில் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.